சொத்து வரி: வாசலில் கட்டுவதா, இணையத்தில் கட்டுவதா?

2023 வரை வேளச்சேரி வீட்டின் சொத்து வரி அப்பாவின் பொறுப்பு. வரி வசூலிப்பவர் வாசலுக்கு வருவார், ரசீது மஞ்சப்பைக்குள் போகும், பை பீரோவின் கீழ்த்தட்டுக்குப் போகும். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயலின் தண்ணீரும் நேரே அங்கேதான் போனது. அதற்கப்புறம் நான் மாநகராட்சி இணையதளத்துக்கு மாறிவிட்டேன்.

பண விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். அரையாண்டைத் தாண்டவிட்டால் மாதம் 1 சதவீதம் தனி வட்டி. அலைச்சலும் பெரிய வித்தியாசமில்லை, வாசலுக்கே வருகிறவரிடம் கட்ட என்ன அலைச்சல்?

என்னை மாற்றியது ரசீதுதான். வெள்ளம் வடிந்ததும் எல்லாவற்றையும் மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். கார்பன் வைத்து எழுதிய பழைய ரசீதுகள்கூட மங்கலாகப் படிக்க வந்தன. கை மெஷினில் வந்த வழவழப்பான சீட்டுகள் வெறும் வெள்ளைத் தாள். அந்தத் தாள் வெள்ளம் வராவிட்டாலும் சென்னை வெயிலில் தானாக வெளுக்கும் என்பது வேறு விஷயம். அடுத்த வருடம் வீட்டுக் கடனுக்குப் போனபோது வரி ரசீது கேட்டார்கள். மண்டலம், வார்டு, பில் எண், உப எண் நான்கையும் தட்டினேன், நான் கட்டியதற்கான ரசீது வந்துவிட்டது. அதனால் இப்போது நான் பத்திரப்படுத்துவது அந்த எண்ணை மட்டும்தான். சமையலறைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

இணையத்திலும் வம்பு உண்டு. ஒருமுறை வங்கிக் கணக்கில் பணம் கழிந்தது, ரசீது வரவில்லை. மூன்றாம் நாள் பணம் திரும்பியது. அது 30 நாள் கெடு முடியும் ஏப்ரல் 30-ஆக இருந்திருந்தால் ஊக்கத்தொகை போயிருக்கும். இப்போதெல்லாம் முதல் வாரத்திலேயே கட்டிவிடுகிறேன்.

வசூலிப்பவரிடம் ஒரு சௌகரியம், கேள்வி கேட்கலாம். "மாடியில ஷீட் போட்டா வரி ஏறுமா சார்?" என்று அப்பா காபியோடு கேட்பார். இணையதளத்தில் அதை யாரிடம் கேட்பது? பெயர் மாற்றம் மாதிரி வேலைகளை நான் இணையத்தில் செய்து பார்த்ததில்லை, அதனால் அதில் எது மேல் என்று சொல்லமாட்டேன்.

அப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இணைய ரசீதை பிரிண்ட் எடுத்து அதே மஞ்சப்பையில் வைக்கச் சொல்கிறார். பை இப்போது பரண்மேல்.