பிரிசிஷனா, இயல்பு ஏல முறையா?

தேசிய சேவை முகாமிலும் தொடக்கக் கல்லூரியிலும் ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடிப் பழகிய நம் இளையர்கள், கூட்டாளி யாரென்று முன்பே தெரிந்திருக்கும் காண்ட்ராக்ட் பிரிட்ஜ் போட்டிக்கு வரும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, கையிலுள்ள சீட்டுகளைக் கூட்டாளிக்கு உணர்த்த உதவும் ஏல முறையைத்தான்.

சி. சி. வெய் வகுத்த பிரிசிஷன் முறையில், ஏஸ், ராஜா போன்ற உயர் சீட்டுகளைக் கொண்டு கணக்கிடும் புள்ளிகள் 16க்குக் குறையாத கைகள் ஏறக்குறைய எல்லாமே ‘ஒரு கிளாவர்’ என்று தொடங்கும். ஏலத்தின் மிகத் தாழ்ந்த மட்டமான ஒன்றாம் மட்டத்தின் மற்றத் தொடக்க ஏலங்கள் 15 புள்ளியைத் தாண்டாமல் நின்றுவிடுவதால், கேமுக்கு, அதாவது கூடுதல் மதிப்பெண் தரும் உயர்ந்த ஏலத்துக்கு, போகலாமா என்பதைக் கூட்டாளி விரைவிலேயே கணக்கிட்டுவிடலாம். 1969இல் தைவான் அணி இம்முறையைக் கொண்டே பெர்முடா கிண்ண உலகப் போட்டியின் இறுதிவரை சென்றது. ஆனால் அந்த ஒரு கிளாவர் எந்தச் சீட்டு இனத்தையும் காட்டுவதில்லை. எதிரணி உடனே ‘மூன்று ஸ்பேட்’ என்று குறுக்கிட்டால், வலுவான கை தன் நீண்ட ஹார்ட் வரிசையை நான்காம் மட்டத்தில்தான் முதன்முதலாகச் சொல்ல நேரும். போட்டிகளில் இது அடிக்கடி நடப்பதுதான்.

இன்று பரவலாக ஆடப்படும் இயல்பு முறையிலோ, ‘ஒரு ஹார்ட்’ என்றால் ஐந்து ஹார்ட்டாவது உண்டு என்ற செய்தி குறுக்கீட்டுக்குப் பின்னும் நிலைக்கிறது. அதே ஏலம் 12 புள்ளியையும் 20 புள்ளியையும் குறிக்கக்கூடும் என்பதே அதன் குறை.

குறுக்கீடுகளுக்கான பதில்களை எழுதிவைத்து ஒன்றாகப் பயில நேரமுள்ள நிலையான இணைக்கு நான் பிரிசிஷனையே பரிந்துரைப்பேன். வார இறுதியில் மட்டும் சந்திப்பவர்களுக்கு இயல்பு முறையே ஏற்றது.