பாதி ஸ்வெட்டர்: முடிப்பதா, பிரிப்பதா?

பீரோவின் அடித்தட்டில் பாதி ஸ்வெட்டர் ஒன்று, ஊசியோடு மூன்று வருடமாகக் கிடக்கிறது.

செலவு: முடிக்க இன்னும் இரண்டு உருண்டை நூல் வேண்டும். அதே லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்கான எண்) கிடைக்காவிட்டால் கைப்பகுதி மட்டும் வேறு நிறமாகத் தெரியும். பிரித்தால் காசு செலவில்லை.

உழைப்பு: முடிக்க உட்கார்ந்தால், கையின் இறுக்கம் மாறியிருக்கும், பழைய வரிசையோடு புதியது ஒட்டாது. பிரித்த நூலோ நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். கம்பளி என்றால் நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, கழற்றி நனைத்துத் தொங்கவிட்டால் நேராகிவிடும். அக்ரிலிக் என்ற செயற்கை நூல் அவ்வளவு சுலபத்தில் நிமிராது. மொஹேர் என்ற ஆட்டுமுடி நூலைப் பிரிக்கவே போகாதீர்கள், முடி முடியாகச் சிக்கும்.

முன்பக்கமும் முதுகும் முடிந்துவிட்டதா? கையில்லாத ஸ்வெட்டராகவாவது முடித்துவிடுங்கள். கைக்குழந்தைக்கு ஆரம்பித்தது, குழந்தை பள்ளிக்கே போய்விட்டதா? சரி, பிரித்துவிடலாம். என்னுடையது குல்லாவாகப் போகிறது.