பெயின்ட் அடித்து வந்த காரின் முதல் இரண்டு மாதங்கள்: ஹட்டன் கராஜ் ஒன்றின் வேலை பற்றி

கடந்த மே மாத இறுதியில் தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு வந்துகொண்டிருந்தபோது, மூடுபனிக்குள்ளிருந்து வளைவில் திரும்பிய ஒரு லொறிக்கு இடம்விட்டு ஒதுங்கியதில், எனது கருநீல விட்ஸ் காரின் இடப்பக்கம் மதகுச் சுவரில் உரசிவிட்டது. முன் மட்கார்டு நசுங்கியது. பொனட்டின் ஓரம் மடிந்தது. முன் கதவில் ஒரு முழ நீளத்துக்குப் பூச்சு உரிந்து தகரம் வெளியே தெரிந்தது. கண்டிக்குக் கொண்டுபோகும்படி பலர் சொன்ன போதிலும், ஹட்டனை அண்டிய ஒரு கராஜிலேயே வேலையை ஒப்படைத்தேன். அதற்கு ஒரே காரணம், அங்கே நான்கு பக்கமும் அடைத்த, சூடேற்றும் வசதியுள்ள பெயின்ட் பூத் இருந்ததுதான்.

மலையகத்தில் இந்த வசதி ஆடம்பரமன்று. தகரக் கூரை போட்ட திறந்த கொட்டகையில் பெயின்ட் அடித்தால், மாலையில் இறங்கும் பனியின் ஈரம் காயாத பூச்சின்மேல் படிந்து, பளபளப்பு மங்கி, வெண்மை பூத்துவிடும். நிறத்தின்மேல் கடைசியாக அடிக்கும் நிறமற்ற கிளியர் பூச்சில், அதை இறுகச் செய்வதற்காக இன்று கலக்கப்படும் ஹார்டனர், பெயின்ட்டோடு சேர்ந்து இறுகுவதைப் போலவே காற்றிலுள்ள ஈரத்தோடும் வினைபுரியக்கூடியது. அதனால் நுண்ணிய குமிழ்கள் உண்டாவதும் உண்டு. நான் கொடுத்த கராஜில் அடித்து முடித்த பாகங்களை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் அரை மணித்தியாலம் சூடேற்றி எடுத்தார்கள். மூன்று பாகங்களுக்கும், நசுங்கிய தகரத்தை நிமிர்த்தும் டிங்கரிங் வேலை நீங்கலாக, பாகத்துக்கு 22,000 ரூபா வீதம் எடுத்தார்கள். வேலை ஒன்பது நாளில் முடிந்தது. சொன்னதைவிட இரண்டு நாள் கூடுதல்.

நிறம் பொருத்திய விதத்தை மனம்விட்டுப் பாராட்ட வேண்டும். காரின் தகட்டிலுள்ள நிற இலக்கத்தை மட்டும் நம்பிக் கலந்திருந்தால், பல ஆண்டு வெயிலில் வெளிறிய பழைய பாகங்களுக்குப் பக்கத்தில் புதியவை தனித்துத் தெரிந்திருக்கும். அவர்கள் முதலில் ஓர் அட்டையில் அடித்துக் காயவைத்து, அதைக் கதவோடு சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, இரண்டு முறை கலவையைத் திருத்தினார்கள். அடிபடாத பின்கதவின் பாதிவரை நிறத்தை மெல்லக் கரைத்துக் கொண்டுபோய், பின் அந்தக் கதவு முழுவதற்கும் கிளியர் அடித்தார்கள். மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நின்று பார்த்தும், எங்கே பழையது முடிந்து புதியது தொடங்குகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் இந்தக் கராஜைப் பற்றி எழுதத் தூண்டியது, காரைக் கையளிக்கும்போது பெயின்ட் பாஸ், அதாவது பெயின்ட் வேலையின் தலைமைத் தொழிலாளி, என்னை நிறுத்தி வைத்துச் சொன்ன விடயங்களே. மட்கார்டின் உள்விளிம்பில், வெளியே தெரியாத ஓரிடத்தில், தன் பெருவிரல் நகத்தை அழுத்திக் காட்டினார். பிறைபோல ஒரு மெல்லிய பள்ளம் விழுந்தது. "பார்த்தீங்களா தம்பி, மேலுக்குக் காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்கு இன்னும் பச்சைதான். இந்தக் குளிருக்கு ரெண்டு மாசம் போகணும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பூத்திலுள்ள சூடு பூச்சைத் தொடக்கூடிய அளவுக்கே இறுக்குகிறது. பெயின்ட்டை இளக்கக் கலந்து உள்ளே தங்கிய தின்னர் ஆவியாகி வெளியேறுவதும் ஹார்டனரின் வினை முடிவதும் வாரக்கணக்கில் தொடரும். வெப்பம் குறையக் குறைய அந்த வேகமும் குறையும். பெயின்ட் நிறுவனங்கள் தரும் கால அளவுகள் பெரும்பாலும் 20 பாகையை வைத்துக் கணிக்கப்பட்டவை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரியோ 16 பாகையளவுதான். எனவே சமவெளியில் ஒரு மாதம் என்றால், மலையகத்தில் இன்னும் சில வாரங்களைச் சேர்த்துக்கொள்வதே புத்தி. எங்கள் வீட்டு கராஜைக் காலையில் திறக்கும்போது மூன்றாவது வாரத்திலும் தின்னர் வாடை வந்தது.

ஆகையால், வக்ஸ், சீலன்ட், செராமிக் என மேற்பூச்சு எதுவானாலும் முதல் இரண்டு மாதங்களுக்குப் பூசக்கூடாது; அவை மேற்பரப்பை மூடி, வெளியேற வேண்டியதை உள்ளேயே அடக்கிவிடும். பளபளப்புக்காக உடனே வக்ஸ் போட்டுத் தருவதாகச் சொல்லும் இடங்கள் உண்டு, அங்கே மறுத்துவிடுங்கள். கார் உறையும் வேண்டாம். மழைக்காலத்தில் அதனடியில் ஈரம் தங்குவதோடு, காற்றில் அது அசையும்போது பூச்சையும் தேய்க்கும். ஜூன் மழையைப் பற்றி நான் வீணாகப் பயந்திருந்தேன். ஓரிரு நாள் கடந்த பின் மழைநீரால் கேடில்லை, துளிகள் அப்படியே நின்று வெயிலில் காய்வதுதான் வட்டக் கறையாகிறது.

கழுவும் முறையில் நான் கடைப்பிடித்தது இதுதான். முதல் வாரம் வெறும் தண்ணீரை ஊற்றி விட்டேன். அதன்பின் காருக்கென்றே விற்கும் மென்மையான ஷாம்புவை ஒரு வாளியிலும், துணியை அலசச் சுத்தமான தண்ணீரை இன்னொரு வாளியிலும் வைத்து, மைக்ரோபைபர் துணியால் அழுத்தாமல் மேலிருந்து கீழாகத் துடைத்தேன். தட்டுக் கழுவும் திரவத்தைத் தொடவில்லை. சேர்விஸ் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாதம் போகவேயில்லை. அங்குள்ள உயரழுத்தத் தண்ணீரைக் கிட்டே பிடித்தால், புதுப் பூச்சின் விளிம்பு கிளம்பிவிடும். தோட்டத்துக் கல் வீதியில் முன்னே லொறி போனால், தெறிக்கும் கல்லுக்கு எட்டாத தூரத்தில் பின்தொடர்ந்தேன்.

காரை எடுத்த அன்றே கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து, வழக்கம்போலப் பொனட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்க ஐயர் கையை நீட்டியபோது, "ஐயா, கண்ணாடியில வைங்க, பெயின்ட் இன்னும் காயல்ல" என்று அம்மாவே சொல்லிவிட்டார். ஐயரும் மறுக்காமல் முன்கண்ணாடியின் மூலையில் பொட்டு வைத்தார். நிறமும் ஈரமும் சேர்ந்த எதையும் காயாத பூச்சின்மேல் வெயிலில் விட்டால் கறை இறங்கக்கூடும் என்பதால், இதைச் சொல்ல யாரும் தயங்கவேண்டியதில்லை.

இவ்வளவு கவனத்துக்கும் ஒரு தவறு நேர்ந்தது, அது என்னுடையது. நான்காவது வாரத்தில், தேயிலைக்கு நிழலாக நட்ட கிரவில்லியா மரமொன்றின் கீழ் ஓர் இரவு காரை நிறுத்திவிட்டேன். பூக்காலத்தில் அந்த மரத்தின் தேனுக்குப் பறவைகள் கூடும். காலையில் பொனட்டில் காய்ந்திருந்த எச்சத்தை ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்தே எடுத்தேன். இருந்தும் ஐந்து ரூபாக் குற்றியளவில் ஒரு மங்கல் வளையம் மிஞ்சியது. எச்சத்தின் அமிலத்தன்மைக்கு இறுகாத பூச்சு ஓர் இரவும் தாங்கவில்லை.

கராஜின் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கையளிக்கும் முன் ஒரு பையன் பழைய பனியன் துணியால் காரை உலர்வாகத் துடைத்ததில், கதவில் சிலந்தி வலைபோல நுண்கீறல்கள் விழுந்திருந்தன. பாஸ் அவ்வளவு சொல்லிக் கொடுத்த அதே முற்றத்தில் இது நடந்தது எனக்கு மிகவும் வருத்தமளித்தது. மட்கார்டின் கீழ்ப்பகுதியில் தூசிப் பருக்கள் மூன்றும், தோடம்பழத் தோல் போன்ற சொரசொரப்பும் இருந்தன. பாஸின் அறிவுரைகளை ஒரு தாளில் எழுதித் தந்தால், என்னைப் போல வீட்டுக்கு வந்து நினைவுகூர்ந்து எழுதிக்கொள்ளும் சிரமம் மற்றவர்களுக்கு இராது.

இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள், போனேன். 2000 இலக்க மணற்தாளை ஈரத்தோடு பிடித்துப் பருக்களையும் சொரசொரப்பையும் சமப்படுத்தி, கொம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசை போட்டு மினுக்கி, கதவின் கீறல்களையும் நீக்கினார்கள், பணம் வாங்கவில்லை. பொனட்டின் வளையம் பாதிக்குமேல் மறைந்தது. மீதியையும் எடுத்துவிடுமாறும், அதற்குத் தனியாகப் பணம் தருவதாகவும் கேட்டேன். கிளியர் பூச்சின் தடிப்பே ஏறத்தாழ 50 மைக்ரோன், அதாவது தலைமயிர் ஒன்றின் தடிப்பிலும் குறைவு. இன்னும் தேய்த்தால் வெயிலைத் தாங்கும் பகுதி போய்விடும் என்று பாஸ் மறுத்துவிட்டார். அடுத்த முறையும் என் காரை அவரிடமே கொண்டுபோவேன்.