காகிதத்தில் விலங்குகளின் உண்மை அளவு: ஸ்டீவ் ஜென்கின்ஸின் 'ஆக்சுவல் சைஸ்'

விலங்குகளைப் பற்றிய குழந்தைகள் நூல்களில் யானையும் எறும்பும் பெரும்பாலும் ஒரே உயரத்தில்தான் நிற்கின்றன. பக்கத்தின் அளவு மாறாதது என்பதால் ஓவியர் பெரியதைச் சுருக்குகிறார், சிறியதைப் பெருக்குகிறார். குழந்தையோ இரண்டையும் ஏறத்தாழ ஒத்த அளவுள்ள உயிர்களாக மனத்தில் பதித்துக்கொள்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டீவ் ஜென்கின்ஸ் எழுதி, காகித ஒட்டுச் சித்திரங்களால் உருவாக்கிய 'ஆக்சுவல் சைஸ்' என்னும் படநூல் இந்த வழக்கத்தைக் கைவிடுகிறது. 2004இல் ஹௌட்டன் மிஃப்லின் பதிப்பகம் வெளியிட்ட இந்நூலில், கடைசிப் பக்கங்களின் குறிப்புகளை விட்டுவிட்டால், எல்லா உயிர்களும் தத்தம் உண்மையான அளவிலேயே வருகின்றன. பக்கத்துக்குள் அடங்கும் உயிர் முழுதாக இடம்பெறுகிறது. அடங்காத உயிரின் ஓர் உறுப்பு மட்டும் இடம்பெறுகிறது. இயற்கையைச் சொல்லும் நூல்களுக்குக் கத்தரித்த காகிதம் எவ்வளவு பொருத்தமான ஊடகம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நூல் எதையும் நான் கண்டதில்லை.

அட்டையில் கொரில்லாவின் கை இருக்கிறது. நூலைக் கையில் வாங்கும் எந்தக் குழந்தையும், யாரும் சொல்லாமலே, தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்க்கும். எங்கள் பகுதி நூலகத்தில் இந்நூலைப் புரட்டிய குழந்தைகள் அத்தனை பேரும் இதைச் செய்தார்கள், அவர்களோடு வந்திருந்த பெரியவர்களும் செய்தார்கள். உள்ளே முப்பது செ.மீ. அகலத்துக்கு இறக்கையை விரிக்கும் அட்லஸ் அந்துப்பூச்சி, ஒரு சென்டிமீட்டர்கூட எட்டாத குள்ள உளுவை மீன், ஒரு பக்கத்தையே நிறைத்துவிடும் ராட்சதக் கணவாயின் கண், கறையான்களை நோக்கி நீளும் பெரும் எறும்புத்தின்னியின் நாக்கு, பெருவெள்ளைச் சுறாவின் பற்கள், ஆப்பிரிக்க யானையின் பாதம், தீக்கோழியின் தலை, சைபீரியப் புலியின் முகம் ஆகியவை வருகின்றன. உவர்நீர் முதலையின் வாய்க்கு இரு பக்கங்கள் போதாமல் மடிப்புப் பக்கம் ஒன்றைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம், சிறிய எழுத்தில் நீளம், உயரம் அல்லது எடை என்ற அளவோடு உரை நின்றுவிடுகிறது. இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பார்க்க வேண்டிய இடத்தில் படிக்கச் சொல்லி அவசரப்படுத்தாத நூல்கள் குறைவு.

ஜென்கின்ஸ் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக் கலை பயின்றவர். நியூயார்க்கில் வடிவமைப்பாளராகப் பணியாற்றிவிட்டுப் பின்னர் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் குடியேறியவர். மனைவி ராபின் பேஜுடன் இணைந்து 2003இல் அவர் வெளியிட்ட 'வாட் டு யூ டூ வித் எ டெய்ல் லைக் திஸ்?' என்னும் நூல் மறு ஆண்டு, படநூல் ஓவியங்களுக்கான அமெரிக்க விருதான கால்டிகாட்டின் மதிப்புப் பட்டியலில் இடம்பெற்றது. அந்நூலில் மூக்கு, காது, வால், கண், பாதம், வாய் என ஒவ்வோர் உறுப்புக்கும் ஐந்து விலங்குகள்; முதலில் உறுப்பு மட்டும் தெரியும், பக்கத்தைத் திருப்பினால் முழு விலங்கும் அதன் பயனும் தெரியும். உறுப்பைக் கொண்டு உயிரைச் சொல்லும் அந்த முறையைத்தான் அடுத்த ஆண்டில் அளவுக்கும் பொருத்தியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. வடிவமைப்பாளரின் பயிற்சி இரண்டு நூல்களிலும் வெளிப்படையாகத் தெரிகிறது: எதை வைப்பது என்பதோடு எதை விடுவது, பக்கத்தின் விளிம்பு விலங்கை எந்த இடத்தில் வெட்டலாம் என்பதும் தீர யோசித்து முடிவு செய்யப்பட்டிருக்கிறது. புலியின் முகம் விளிம்புக்கு அப்பாலும் நீண்டுகொண்டிருப்பதை உணரும் குழந்தை, மீதி உடலைத் தானே அறையின் அகலத்துக்கு நீட்டிப் பார்த்துக்கொள்கிறது.

ஒட்டுச் சித்திரம் செய்பவர்கள் இந்நூலைப் பக்கம் பக்கமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். வண்ணம் தீட்டுபவர் மயிரையும் தோலையும் தூரிகையால் வரைந்து காட்டியாக வேண்டும். காகிதத்தில் வேலை செய்பவருக்கோ அந்தப் புறப்பரப்பு காகிதத்திலேயே கிடைத்துவிடுகிறது. நாட்டுக்கு நாடு, ஆலைக்கு ஆலை காகிதத்தின் இயல்பு மாறுகிறது. ஜப்பானில் கோசோ மரப்பட்டையிலிருந்தும் நேபாளத்தில் லோக்தா செடியின் பட்டையிலிருந்தும் செய்யப்படும் தாள்களில் இழைகள் நீளமானவை. அவற்றைக் கிழித்தால் விளிம்பில் மென்மயிர்போல இழைகள் பிரிந்து நிற்கும். பருத்தித் துணிக்கழிவிலிருந்து செய்த தாள் குட்டையான இழைகளைக் கொண்டது என்பதால் அதன் கிழிசல் தடித்து, சற்று மொண்ணையாக அமையும். மேற்பரப்பில் மட்டும் வண்ணம் பூசிய தாளைக் கிழித்தால் உள்ளிருக்கும் வெள்ளை ஒரு கோடாக வெளிப்படும்; அந்தக் கோடு சில இடங்களில் ஒளியாகப் பயன்படும், சில இடங்களில் சித்திரத்தையே கெடுத்துவிடும். கத்தியால் வெட்டிய விளிம்போ எந்தத் தயக்கமும் இல்லாதது. மயிர்க்கு எங்கே கிழிப்பது, நகத்துக்கும் பல்லுக்கும் எங்கே வெட்டுவது என்ற தேர்விலேயே கலைஞரின் அறிவு வெளிப்படுகிறது. ஜென்கின்ஸ் கிழித்தலையும் வெட்டுதலையும் ஒரே விலங்கில் கலந்து கையாளும் விதம், ஏதோ ஓர் அலங்காரத்துக்காகச் செய்ததாக எந்த இடத்திலும் தோன்றவில்லை. ஒவ்வொரு விளிம்பும் அந்த விலங்கின் உடலைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்கிறது.

இந்த வேலையில் கை வைத்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். தண்ணீர் கலந்த பசையைப் பெரிய துண்டின்மேல் பூசினால் மெல்லிய காகிதம் ஊறி நெளிந்துவிடும். ஆகவே இருபுறமும் ஒட்டும் தாளை முதலில் பின்பக்கம் பதித்து, வடிவத்தை இடம்வலமாகத் திருப்பி அதன்மேல் பிரதியெடுத்து, பிறகு வெட்டுவதே நல்லது. அடியில் இருக்க வேண்டியதை முதலில் ஒட்ட வேண்டும் என்பதால், விலங்கின் உடலை அடுக்கு அடுக்காக மனத்தில் பிரித்துப் பார்த்த பின்னரே கத்தியை எடுக்க முடியும். உடற்கூற்றைப் புரிந்துகொள்ளாத ஒருவரால் நல்ல ஒட்டுச் சித்திரம் செய்ய முடியாது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம். வண்ணத்தில் மங்கலாக விட்டுத் தப்பித்துக்கொள்ளக்கூடிய இடம், காகிதத்தில் ஒரு துண்டின் முடிவாகவும் அடுத்த துண்டின் தொடக்கமாகவும் துல்லியமாக அமைந்தே தீர வேண்டும். உள்ளூரில் கைவினைக் காகிதம் தேடுபவர்களுக்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதத் தொழிற்கூடத் தாள்கள் நல்ல தொடக்கமாக இருக்கும். அவை பருத்தியில் செய்யப்படுவதால் ஆமை, யானை போன்ற தோல் தடித்த உயிர்களுக்குப் பொருந்தும், மயிர் அடர்ந்த உயிர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

நிழற்படங்கள் இவ்வளவு எளிதில் கிடைக்கும் காலத்தில் காகிதத்தை வெட்டி ஏன் விலங்கைக் காட்ட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். இந்நூலின் கணவாய்க் கண் அதற்குத் தகுந்த விடை. 'ஆக்சுவல் சைஸ்' வெளிவந்தபோது, கடலில் உயிரோடு தன் சூழலில் இருக்கும் ராட்சதக் கணவாயின் நிழற்படம் எதுவும் வெளியாகியிருக்கவில்லை. சுனேமி குபோதேரா, கியோய்ச்சி மோரி என்னும் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒகசாவரா தீவுகளுக்கு அருகே ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் அதனை முதன்முதலாகப் படம்பிடித்தது அதே ஆண்டு செப்டம்பரில்; அந்தப் படங்கள் உலகின் பார்வைக்கு வந்தது 2005இல். கேமரா எட்டாத ஓர் உயிரின் கண்ணை, கரை ஒதுங்கிய உடல்களின் அளவீடுகளையும் ஒரு கத்தியையும் காகிதத்தையும் கொண்டு குழந்தையின் மடியில் வைக்க முடிந்திருக்கிறது. படம் கிடைக்கும் விலங்குகளிலும் ஒட்டுச் சித்திரத்துக்கு ஓர் அனுகூலம் உண்டு: நிழற்படத்தில் விலங்கோடு சேர்ந்து வரும் நிழலும் புல்லும் பளபளப்பும் இதில் இல்லாததால், வடிவமும் புறப்பரப்பும் மட்டும் எஞ்சி, குழந்தையின் கண் அவற்றின்மேல் நிலைக்கிறது.

இதே ஊடகத்தில் வேறு வழி சென்றவர்களும் உண்டு. எரிக் கார்ல் மெல்லிய திசுத்தாள்களில் தாமே வண்ணம் தீட்டி, பிறகு அவற்றைக் கத்தரித்து 1969இல் உருவாக்கிய 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' உலகெங்கும் அறியப்பட்டது. லோயிஸ் எலர்ட் 2005இல் வெளியிட்ட 'லீஃப் மேன்' நூலில் உண்மையான இலைகளின் படிமங்களையே துண்டுகளாக்கிக்கொண்டார். கார்லின் தாள்களில் அவருடைய கை தெரிகிறது, எலர்ட்டின் பக்கங்களில் இலையுதிர்காலமே தெரிகிறது. ஜென்கின்ஸின் பக்கங்களில் கலைஞர் ஒதுங்கி நிற்க, விலங்கு முன்னே வருகிறது. கதை வேண்டும் குழந்தைக்குக் கார்லையும், உண்மை வேண்டும் குழந்தைக்கு ஜென்கின்ஸையும் கொடுப்பேன். இம்மூவருமே 2021ஆம் ஆண்டில் மறைந்தார்கள் என்பதை நினைக்கையில், காகித ஒட்டுச் சித்திரத்தின் ஒரு தலைமுறையே ஓராண்டுக்குள் முடிந்துபோனது மனத்தை வருத்துகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லா உயிர்களும் வெள்ளைப் பின்னணியில் தனித்து நிற்பதால், அவை வாழும் காடும் கடலும் சேறும் நூலுக்குள் வருவதே இல்லை. அளவைக் காட்டுவதற்கு இந்த வெறுமை உதவுகிறது என்பது உண்மை. எனினும் முதலையின் வாயைப் பார்த்துக் கிளர்ச்சியடைந்த குழந்தைக்கு அது எங்கே வாழ்கிறது என்று சொல்ல நாம் வேறு நூலைத் தேட வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் ஒடிசாவின் பிதர்கனிகா சதுப்புநிலக் காடுகள் அதன் இருப்பிடம் என்பதையும், அட்லஸ் அந்துப்பூச்சியின் நெருங்கிய உறவினம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பறக்கிறது என்பதையும் உடன் படிப்பவர்கள் சேர்த்துச் சொன்னால் அந்தப் பக்கங்கள் குழந்தைக்கு இன்னும் நெருங்கி வரும். யானையும் ஆப்பிரிக்க யானையே. முன்பாதச் சுற்றளவைப் போல இரு மடங்கு தோள் உயரம் என்பது பாகர்களும் வனத்துறையினரும் ஆசிய யானைக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் கணக்கு. இரண்டரை மீட்டர் உயரமுள்ள நம் யானையின் பாதத்துக்கு, தரையில் சுண்ணக்கட்டியால் 40 செ.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினால் போதும். நூல் தொடங்கிவைத்ததை வகுப்பறையில் தொடர்ந்துவிடலாம்.

அளவுகள் சிலவும் பழையவையாகிவிட்டன. மிகச் சிறிய மீன் என்று நூல் குறிப்பிடும் குள்ள உளுவையைவிடச் சிறிய மீன், முதிர்ந்த நிலையிலும் 7.9 மி.மீ. மட்டுமே நீளமுள்ளது, சுமத்திராவில் கண்டறியப்பட்டதாக 2006இல் அறிவிக்கப்பட்டது. ராட்சதக் கணவாயின் கண்ணுக்கு நூல் தரும் அளவு ஏறத்தாழ 30 செ.மீ.; 2012இல் வெளிவந்த ஆய்வு 27 செ.மீ. என்கிறது. மேலும், ஜென்கின்ஸ் பெரும்பாலும் ஓர் இனத்தின் உச்ச அளவையே எடுத்துக்கொள்கிறார். முதலைக்கு அவர் தரும் ஏழு மீட்டர் நீளத்தை மிகச் சில முதலைகளே நெருங்கும். அதைச் சராசரி என்று குழந்தை நினைத்துக்கொள்ளாதபடி நாம் விளக்க வேண்டும். இவை நூலைத் தள்ளிவைக்கக் காரணங்களாகா. திருத்திய பதிப்பு ஒன்று வந்தால் எளிதில் சரிசெய்யக்கூடியவையே.

வாங்க நினைப்பவர்களுக்கு முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்நூலைத் திரையில் படிக்கவே கூடாது. தொலைபேசியிலோ கணினியிலோ விரித்தால் ஒவ்வொரு படமும் திரையின் அகலத்துக்கேற்பச் சுருங்கிவிடும். அப்போது பெயரில் மட்டுமே உண்மை அளவு எஞ்சியிருக்கும். நகலெடுத்துப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் நூறு விழுக்காடு அளவில்தான் எடுக்க வேண்டும், தாளுக்கேற்பப் பொருத்தும் தெரிவை அணைத்துவிட வேண்டும். நூல் ஏறத்தாழ பத்து அங்குல அகலமும் பன்னிரண்டு அங்குல உயரமும் கொண்டது என்பதால் சாதாரண அலமாரித் தட்டில் நிற்காது, படுக்கவைக்க வேண்டியிருக்கும். நான்கு வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பொருந்தும். ஆங்கிலம் வாசிக்காத குழந்தைகளுக்கும் உடன் ஒருவர் இருந்தால் தடையில்லை, ஏனெனில் உரை மிகக் குறைவு. கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு விலங்கின் முழு உருவமும் சிறிய அளவில் விரிவான குறிப்போடு வருகிறது. அவற்றை முன்கூட்டியே படித்துவைத்துக்கொள்வது பெரியவர்களுக்கு உதவும்.

கெட்டி அட்டைப் பதிப்பும் மென்னட்டைப் பதிப்பும் உள்ளன. வீட்டுக்கு எதுவானாலும் போதும். நூலகத்துக்கும் பள்ளிக்கும் கெட்டி அட்டையையே பரிந்துரைப்பேன். முதலையின் மடிப்புப் பக்கத்தை எல்லாக் குழந்தைகளும் மீண்டும் மீண்டும் பிரிப்பார்கள் என்பதால், அந்த மடிப்புக்கோட்டின் பின்புறத்தில் மெல்லிய துணிநாடா ஒட்டிவிட்டு அலமாரிக்கு அனுப்புவது நல்லது. இந்நூல் பிடித்துப்போன குழந்தைக்கு 2005இல் வெளிவந்த 'ப்ரீஹிஸ்டாரிக் ஆக்சுவல் சைஸ்' நூலை அடுத்து வாங்கலாம். அழிந்துபோன உயிர்களின் நிறம் பெருமளவுக்கு ஊகமே என்பதால் அதன் சித்திரங்கள் எனக்கு இந்த அளவு நம்பிக்கை தரவில்லை. டைனோசர்களின்மேல் பித்துள்ள பிள்ளைகளோ முதல் நூலைவிட அதையே அதிகம் கேட்கிறார்கள்.