மெனோபாஸ் காலத்தில் நான் சாப்பிட்டதும் தடவியதும்

மாதவிடாய் நிற்கும் காலத்து உபாதைகளுக்காக விதை, பொடி, லேகியம், கேப்சூல் என்று பலவற்றைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். 47 வயதில் எனக்கு ஆரம்பித்தது, இப்போது 51. வங்கிக் கவுண்டரில் வேலை. தைராய்டுக்குத் தினமும் மாத்திரை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. ஒரு மூலிகை எனக்கு ஒத்துக்கொண்டது போல உங்களுக்கும் ஒத்துக்கொள்ளுமா என்பது பெரும்பாலும் இந்த விவரங்களைப் பொறுத்தது.

இத்தனை நாள் அனுபவத்தில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்றுதான். மெனோபாஸுக்கு என்று ஒரே ஒரு மருந்து கிடையாது. திடீரென்று வரும் வெக்கை தனி, தூக்கம் கெடுவது தனி, பிறப்புறுப்பு வறட்சி தனி, எலும்பு தேய்வது தனி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டப்பா என்று விற்பதை நம்பி வாங்கினால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கடைசிவரை தெரியாது.

முதலில் அந்த வெக்கை. மார்பில் கிளம்பிக் கழுத்து வழியாக முகத்துக்குச் சூடு ஏறும், காது மடல் எரியும், முதுகு நனைந்துவிடும், கொஞ்ச நேரத்தில் குளிர ஆரம்பிக்கும். பணம் எண்ணும்போது வந்தால் விரலில் நோட்டு ஒட்டிக்கொள்ளும். ஏசி ஓடும் ஹாலில் எனக்கு மட்டும் வியர்த்து ஊற்றுவதைப் பார்த்து, பிரஷரா மேடம் என்று கேட்டவர்கள் உண்டு. வீட்டில் இதை உடம்புச் சூடு என்றுதான் சொல்வார்கள். இளநீர், மோர், நல்லெண்ணெய்க் குளியல் எல்லாம் செய்து பார்த்தேன். இதமாக இருந்தது, ஆனால் வெக்கை வரும் வேகம் குறையவில்லை. காரணம் வயிற்றுச் சூடு இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, உடல் வெப்பத்தைக் கவனித்துக்கொள்ளும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் சின்ன ஏற்றத்தைக்கூடப் பெரிய சூடாக எடுத்துக்கொள்கிறது. உடனே தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, வியர்க்க வைத்து, உடம்பைக் குளிர்விக்கப் பார்க்கிறது.

இது எத்தனை நாள் நீடிக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்வான் என்ற நீண்டகால ஆய்வில், அடிக்கடி வெக்கை வரும் பெண்களுக்கு அது நீடித்த காலம் நடுமதிப்பாக 7.4 வருடம் என்று கணக்கிட்டார்கள். அதனால்தான் பத்து நாளில் பலன் தெரிந்தது என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுப்பதை என்னால் நம்ப முடிவதில்லை. நடுவில் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். நான் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வெக்கை வந்த நேரத்தைக் கோடு போட்டு வைத்தேன். அந்தக் கோடுகள் இல்லாமல் இதை எழுதியிருக்க முடியாது.

இப்போது ஆளிவிதை. ஃப்ளாக்ஸ் சீட் என்று எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. இதில் லிக்னன் என்ற தாவரப் பொருள் இருக்கிறது, உடம்பில் ஈஸ்ட்ரோஜன் போல மிக லேசாக வேலை செய்யும். முழு விதையாகப் போட்டால் தோல் கெட்டி, அப்படியே வெளியே வந்துவிடும். நான் இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் குறைந்த தீயில் வறுப்பேன். படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் கசந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளி, உப்பு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். விடாமல் ஓட்டினால் எண்ணெய் விட்டுக் கட்டி கட்டும். பொடியை ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது, வெளியில் இருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். மதியச் சோற்றில் ஒரு ஸ்பூன், இரவு தோசைக்கு ஒரு ஸ்பூன். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு இறுகிவிடும்.

பலன் என்ன? மலச்சிக்கல் போனது. இந்த வயதில் அது சின்ன விஷயம் இல்லை. வெக்கையைப் பொறுத்தவரை, முதல் சில மாதம் காலண்டரில் கோடு குறைந்தது, பங்குனி, சித்திரையில் மறுபடி பழைய மாதிரியே ஆனது. ஆளிவிதையால் குறைந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆராய்ச்சியிலும் இதே கதைதான். 2007-ல் வெளியான, அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வில் வெக்கை பாதியாகக் குறைந்தது என்றார்கள். அப்புறம் அதே குழு 188 பெண்களை வைத்து, பாதிப் பேருக்கு ஆளிவிதை சேர்த்த பார், மீதிப் பேருக்கு ஆளிவிதை இல்லாத பார் என்று ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தது. இரண்டு பக்கமும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்களுக்கு வெக்கை பாதியாகக் குறைந்திருந்தது. வித்தியாசமே இல்லை! மூலிகை விளம்பரங்களில் வரும் அனுபவக் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு நிஜமாகவே குறைந்திருக்கிறது. ஆனால் ஒன்றுமில்லாத பாரைச் சாப்பிட்டவருக்கும் குறைந்திருக்கிறதே. பொடியை நான் விடவில்லை, ருசிக்கும் வயிற்றுக்கும் சேர்த்துத் தொடர்கிறேன்.

சோயா எனக்குச் சரிப்படவில்லை, வாயு. சோயாவில் உள்ள ஐசோஃப்ளேவோனைக் குடல் பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற பொருளாக மாற்றினால் பலன் கூடும் என்று ஒரு கருத்து உண்டு. அப்படி மாற்றும் பாக்டீரியா எல்லோர் குடலிலும் இருப்பதில்லை. தோழி ஒருத்தி டோஃபுவும் சோயாப் பாலும் எடுத்து நன்றாக இருக்கிறேன் என்கிறாள், சந்தோஷம். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: சோயா, ஆளிவிதை, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை எதுவும் காலை தைராய்டு மாத்திரையோடு சேரக் கூடாது. மாத்திரை உடம்பில் சேர்வதைத் தடுத்துவிடும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்று டாக்டர் சொன்னார். என் பொடி மதியத்துக்குப் போனது அதனால்தான்.

அடுத்தது ஆன்லைனில் வாங்கிய கலவைக் கேப்சூல். பெயர் சொல்ல விரும்பவில்லை. முன்பக்கம் பூ, இலை, சிரிக்கும் பெண். பின்பக்கம் கருங்கோஹோஷ், ரெட் க்ளோவர், சதாவரி, அஸ்வகந்தா என்று பட்டியல். எல்லாம் சேர்த்து ஒரு கேப்சூலில் இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் போட்டிருந்தது, எது எவ்வளவு என்று இல்லை. அதைக் கேட்டு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். இயற்கையானது, பக்கவிளைவு இல்லை என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பாட்டிலின் விலைக்கு எங்கள் வீட்டு ஒரு மாத எண்ணெய்ச் செலவே தீர்ந்துவிடும்.

கருங்கோஹோஷ் என்பது நம் ஊர்ச் செடி இல்லை, வட அமெரிக்கக் காடுகளில் வளர்வது. அதன் வேர்ச் சாற்றை ஜெர்மனியில் 1950-களிலிருந்தே மாத்திரையாக விற்கிறார்கள். 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளை, மொத்தம் 2,027 பெண்களைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, இது வேலை செய்கிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் வந்ததால் 2006-ல் பிரிட்டனில் லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னார்கள். என் பாட்டிலில் அந்த ஒரு வரி இல்லை. கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால், பசி சுத்தமாக நின்றால், உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும் என்ற வரி அது. அது இல்லாததற்கு எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. கேப்சூல் எடுத்த காலத்தில் காலண்டர் கோடுகளில் எந்த மாற்றமும் இல்லை. பாட்டில் முடிந்ததும் விட்டுவிட்டேன்.

அப்புறம் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போனேன். இது நான் செய்த நல்ல காரியம். அந்த டாக்டரம்மா நாடி பார்த்த கையோடு, என்னென்ன இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடுறீங்கம்மா, சீட்டைக் காட்டுங்க என்றார். தைராய்டு மாத்திரையைப் பார்த்ததும், அமுக்கரா உங்களுக்கு வேண்டாம், அது தைராய்டு அளவை ஏற்றிவிடலாம் என்றார். அமுக்கராதான் அஸ்வகந்தா. தூக்கத்துக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் சாப்பிடுவது அதைத்தான், கேப்சூல்காரர் பக்கவிளைவே இல்லை என்றதும் அது சேர்ந்த கலவையைத்தான்.

எனக்குக் கொடுத்தது தண்ணீர்விட்டான் கிழங்குச் சூரணம், சதாவரி என்பதும் அதுதான். லேகியமாக எடுக்காமல் சூரணமாக எடுக்கச் சொன்னார், லேகியத்தில் சர்க்கரையும் நெய்யும் அதிகம் என்பதால். இரவில் வெதுவெதுப்பான பாலில் கலந்து குடித்தேன். லேசான இனிப்பும் மண் வாசனையும் இருக்கும், அடியில் தங்கிவிடும், கலக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். நெஞ்செரிச்சல் அடங்கியது, படுக்கப் போகும் முன் ஒரு நிதானம் வந்தது. வெக்கைக்கு? கொஞ்சம் பரவாயில்லை என்று அப்போது எழுதி வைத்திருக்கிறேன், அதற்கு மேல் சொல்ல மாட்டேன். மருந்து இலவசம், கேட்ட கேள்விக்குப் பதிலும் கிடைத்தது. கடையில் வாங்குபவர்கள் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் பார்த்து வாங்குங்கள். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. அதனால் யாரோ கொடுத்த பொட்டலம், சந்தையில் உரலில் இடித்துத் தரும் பொடி இவற்றை நான் தொடுவதில்லை.

வறட்சி பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வெக்கை ஒரு நாள் போய்விடும், இது வைத்தியம் பார்க்காவிட்டால் கூடிக்கொண்டே போகும். உட்கார்ந்தால் எரிச்சல், சிறுநீர் கழித்தால் எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி. பல பெண்கள் இதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கணவரை விட்டு விலகிப் படுத்துவிடுகிறார்கள், அவரோ வேறு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்கிறார். எனக்குச் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் உதவியது. வாசனை எதுவும் சேர்க்காதது, தனிச் சின்னச் சீசாவில், சுத்தமான கையால் மட்டும் எடுத்து. உறவுக்கு முன்பும், எரிச்சல் இருக்கும் இரவுகளிலும் தடவிக்கொள்வேன். ஆணுறை பயன்படுத்துபவர்கள் எண்ணெய் தடவக் கூடாது, ரப்பர் பலமிழந்து கிழிந்துவிடும். சோப்பு, வாசனை வாஷ் இவற்றை அந்த இடத்தில் நிறுத்தியதும் பாதி எரிச்சல் குறைந்தது. ஒரு கட்டத்துக்குமேல் எண்ணெய் போதவில்லை. மகப்பேறு மருத்துவர் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதிக் கொடுத்தார். வித்தியாசம் சில வாரங்களில் தெரிந்தது. இதுவரை சொன்ன எந்தச் செடியும் அந்த அளவு மாற்றத்தைக் கொடுக்கவில்லை.

எலும்புக்கு நான் சப்ளிமெண்ட் டப்பா தேடவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். 100 கிராம் கேழ்வரகிலேயே 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கேழ்வரகுக் கூழ், எள்ளுப் பொடி, தயிர், முருங்கைக்கீரை, வாரத்தில் ஒரு நாள் பிரண்டைத் துவையல். பிரண்டையை நார் உரிக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், துண்டுகளை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்தால்தான் நாக்கு அரிக்காது. அம்மா செய்யும் கருப்பு உளுந்தங்களி இடுப்புக்குத் தெம்பு என்பது வீட்டு நம்பிக்கை, எனக்கும் பிடிக்கும், கருப்பட்டியை மட்டும் குறைத்துக்கொண்டேன். இதோடு மாலை நடை.

ஒன்றை மட்டும் எந்த மூலிகைக்கும் விடாதீர்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் முடிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எங்கள் அண்ணிக்கு அப்படிப் பட்டபோது, சூடு அண்ணி, வாழைப்பூ சாப்பிடுங்க என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நான் விடாப்பிடியாக ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டி, எடுத்தாகிவிட்டது. புற்றுநோயாகவும் இருந்திருக்கலாம், பார்த்தால்தானே தெரியும்.

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டும் ஹார்மோன் மாத்திரை என்றாலே பயப்படுபவர்கள் நிறைய. 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தி, மார்பகப் புற்றுநோய் அபாயம் என்று செய்தி வந்ததன் பயம் அது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்கள் பலருக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டு வந்தவர்களுக்கு அது பொருந்தாது. கவுண்டரில் என் பக்கத்து இருக்கைக்காரர் இரவில் மூன்று முறை நைட்டி மாற்றிக்கொண்டிருந்தவர், மாத்திரை தொடங்கியபின் தூங்குகிறார். எனக்கு அந்த அளவு தொந்தரவு இல்லை, அதனால் எடுக்கவில்லை. இருந்திருந்தால் எடுத்திருப்பேன்.

இப்போது என் அலமாரியில் இருப்பவை ஆளிவிதைப் பொடி, தேங்காயெண்ணெய்ச் சீசா, க்ரீம். சூரணத்தைத் தேவைப்படும் மாதங்களில் மட்டும் வாங்குகிறேன். புதிதாக எதையாவது தொடங்குபவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள், அதற்கு முன் இரண்டு வாரமாவது வெக்கையைக் குறித்து வையுங்கள். டாக்டரிடம் போகும்போது, சித்தாவோ அலோபதியோ, சாப்பிடும் எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள்.