ஏழு வருடமாக உதிராத சிவப்பு

1815 வாட்டர்லூ போரின் பிரிட்டிஷ் காலாட்படை, ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பொம்மைகள், நிஜ ஆளின் 72இல் ஒரு பங்கு (1/72) அளவு. பழைய விளையாட்டுச் சாமான்களோடு ஒரு பை நிறையக் கிடைத்த பொம்மைகள். ஓர் ஆள் சுமார் 24 மில்லிமீட்டர் உயரம்தான். 33ஆம் ரெஜிமென்ட்டாக இவர்களுக்கு வண்ணம் பூசி ஏழு வருடம் ஆகிறது.

முதல் பத்துப் பேருக்கு எனாமல் பெயின்ட் அடித்தேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. மூன்றே மாதத்தில், துப்பாக்கி முனைக் கத்தியில் விரல் பட்டதும் பெயின்ட் தோலாக உரிந்து வந்துவிட்டது. இவை பாலிதீன் பொம்மைகள். வளைந்து கொடுக்கும், மேலே எதுவும் எளிதில் ஒட்டாது.

அடுத்த நாற்பது பேரை வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். அப்புறம் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. அதன்மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட். காய்ந்த பிறகும் அக்ரிலிக் கொஞ்சம் வளையும், பொம்மையோடு சேர்ந்தே வளையும். கடைசியில் பளபளக்காத மேட் வார்னிஷ்.

ஏன் 33? 1799இல் திப்புவை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணம் வந்த படையில் ஆர்தர் வெல்லெஸ்லியின் இந்த ரெஜிமென்ட்டும் இருந்தது. 1815இல் அவர் வெலிங்டன் பிரபுவாக வாட்டர்லூவில் நின்றபோதும் அவர் படையில் இது இருந்தது. அந்தத் தொடர்ச்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். இவர்களுக்குக் காலரும் கைமடிப்பும்கூடச் சிவப்புதான். வேலை சுலபம் என்று நினைத்தேன். ஆனால் கோட்டையும் காலரையும் பிரித்துக் காட்டுவது வெள்ளை ஓரப்பட்டி மட்டுமே. அந்த மயிரிழைக் கோட்டுக்கு ஒரு ஆளுக்கு அரைமணி நேரம் போனது.

சிவப்பிலும் இரண்டு உண்டு. சிப்பாயின் கோட்டு மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம், செங்கல் நிறம். அதிகாரியுடையது பூச்சியிலிருந்து எடுத்த சாயம், நல்ல செக்கச்செவேல். டப்பாச் சிவப்பில் துளி பழுப்பு கலந்து சிப்பாய்களுக்கும், கலக்காமல் அதிகாரிக்கும் பூசினேன். வரிசையில் நிறுத்தினால் அதிகாரி தனியே தெரிகிறார். இடுப்புப் பக்கம் தொங்கும் மரத் தண்ணீர்க்குடுவைக்குச் சாம்பல் நீலம். சிவப்புக்குப் பக்கத்தில் அந்த ஒரு பொட்டு அவ்வளவு அழகு.

ஏழு வருடத்தில் நாற்பதில் ஆறு பேருக்குக் கத்தி முனை வெளுத்திருக்கிறது, இரண்டு பேருக்குக் கணுக்காலில் கீறல். மற்றபடி முதல் நாள் நிறம்தான். அந்த ஆறு முனைகளையும் போன மாதம் தொட்டுச் சரிசெய்தேன். இப்போதும் ஓர் ஆளை எடுக்கும்போது அடித்தட்டைத்தான் பிடிக்கிறேன்.