பெட்டி கணவர் பெயரில், வாங்கியது மனைவிக்காக

அமெரிக்க இயக்குநர் கசாவெட்டிஸின் படங்கள் அடங்கிய 'ஜான் கசாவெட்டிஸ்: ஐந்து படங்கள்' என்ற ப்ளூ-ரே பெட்டியை (கிரைட்டீரியன் நிறுவன வெளியீடு) நான் வாங்கியதே அவருடைய மனைவியும் நடிகையுமான ஜீனா ரோலண்ட்ஸுக்காகத்தான். ஐந்தில் மூன்று படங்களில் ரோலண்ட்ஸுக்கு முக்கிய வேடம்.

1956-ல் பிராட்வேயில் எட்வர்ட் ஜி. ராபின்சனோடு மேடையேறியவர் ரோலண்ட்ஸ். 'எ உமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' (1974) கதையைக் கணவர் முதலில் நாடகமாகத்தான் எழுதினார். இந்தப் பாத்திரத்தை வாரம் முழுக்க மேடையில் தாங்க முடியாது என்று ரோலண்ட்ஸ் சொன்ன பிறகே அது படமானது. பார்த்தால் புரியும். இரவு வேலை முடித்து வந்த கணவனின் சகாக்களுக்குக் காலையிலேயே ஸ்பகெட்டி பரிமாறுகிறாள் மேபல் (ரோலண்ட்ஸ்). சிரிக்கிறாள், பாடச் சொல்கிறாள், ஒருவரை ஆட அழைக்கிறாள். எந்த நொடியில் உபசாரம் எல்லை தாண்டியது? எத்தனை தடவை பார்த்தாலும் பிடிபடவில்லை. மேபலின் அம்மாவாக வருபவர் ரோலண்ட்ஸின் சொந்த அம்மா, மாமியாராக வருபவர் சொந்த மாமியார்! வீட்டுச் சண்டை நிஜம்போல் இருப்பதில் அதற்கும் பங்கு இருக்கும்.

எனக்குப் பிடித்தது 'ஓப்பனிங் நைட்' (1977). நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவன் நான். நாடகத்தின் முதல் நாளில் நடிகை நிற்க முடியாத போதையில் வந்து சேரும் காட்சியில் எனக்கு வியர்த்துவிட்டது. தள்ளாட்டத்தை இஷ்டத்துக்கு ஆடவில்லை ரோலண்ட்ஸ். மேடையின் அளவு தெரிந்த உடம்பு அது. இதற்குத்தான் 1978-ல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக்கரடி விருது.

'ஃபேசஸ்' (1968) கறுப்பு வெள்ளை, 16 எம்.எம். என்ற சிறிய அளவு பிலிமில் எடுத்தது. படத்தில் மணல் மணலாகத் தெரிவது தட்டின் கோளாறு அல்ல. கூடுதல் அம்சங்களில் ரோலண்ட்ஸும், மேபலின் கணவனாக நடித்த பீட்டர் ஃபால்க்கும் பேசிக்கொள்ளும் பகுதியைத் தவற விடாதீர்கள். ஃபால்க் தன் கைக்காசைப் போட்டு எடுக்க உதவிய படமாயிற்றே 'எ உமன்...'.

குறை என்றால், ரோலண்ட்ஸுக்கு இரண்டாவது ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்த 'குளோரியா' (1980) இதில் இல்லை. அதையும் இயக்கியவர் கசாவெட்டிஸ்தான், ஆனால் தனியாகத் தேட வேண்டும். அப்புறம், வசன வரிகள் ஆங்கிலத்தில் மட்டும். ப்ளூ-ரே தட்டுகளை உலகப் பகுதிவாரியாக மண்டலம் பிரித்து விற்கிறார்கள், இவை 'ஏ' மண்டலத்துக்கானவை. இந்தியாவில் விற்கும் சாதாரண பிளேயரில் ஓடாது, எல்லா மண்டலமும் ஓடும் கருவி வேண்டும். அது கையில் இருந்தால் 'எ உமன்...' தட்டிலிருந்து ஆரம்பியுங்கள். 'ஃபேசஸ்' கடைசியில் போதும்.